பீரோவில் பூட்டிய பட்டங்கள்

எழிலரசி இயற்பியலில் முனைவர். சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் மெல்லிய படலங்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து, வெளிநாட்டு இதழ்களில் கட்டுரை எழுதி, நடுவில் வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதுவரை எல்லா ஊழியமும் பார்த்து வாங்கிய பட்டம். அந்தப் பட்டத்தோடு அவள் பங்குனி வெயிலில் ஆரணிப்பாளையத்துத் தெருக்களில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளைப் பிடித்து வந்து கல்லூரியில் சேர்க்க வேண்டும். ஆள் சேர்க்காத ஆசிரியருக்கு அந்த மாதச் சம்பளம் பாதி. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், இஷ்டமில்லை என்றால் நின்றுகொள்ளலாம் என்பார்கள்.

ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றது. லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒருவர் வெளியே வந்து நோட்டீஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நீ இன்னா படிச்சிருக்கம்மா?"

"பிசிக்ஸ்ல டாக்டர் பட்டம்ங்க."

"இன்னா தராங்க மாசம்?"

பொய் சொல்ல அவளுக்கு அலுத்துவிட்டது. "கைக்குப் பதினெட்டாயிரம்ங்க."

"எம்பொண்ணு பத்தாவதோட நின்னுட்டுது. பட்டுக்கடையில சேலை விரிச்சுக் காட்டிகினு இருக்குது. அதுக்கே பதினாறு." அவர் நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை, இரக்கமாகத்தான் கேட்டார். "இவ்ளோ படிச்ச உனக்கே இதான்னா, எம்பையனை எதுக்கும்மா கூப்புடற?"

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கல்லூரி தேவிகாபுரம் போகும் சாலையில் இருந்தது. பொறியியல் கல்லூரி. அங்கே இயற்பியலுக்கு முதல் வருடத்தில் மட்டும்தான் வேலை, அதனால் இயற்பியல் ஆசிரியர்கள் வேண்டாத விருந்தாளிகள். ஆனால் முனைவர் பட்டம் பெற்ற ஒரு ஆள் பட்டியலில் இருந்தால்தான் பல்கலைக்கழகம் அனுமதியைப் புதுப்பிக்கும். ஆகவே எழிலரசி வேண்டும். காகிதத்தில் அவள் துறைத் தலைவர். காகிதத்தில் அவள் சம்பளம் கைக்கு வருவதைப்போல மூன்று மடங்கு. மாதா மாதம் அந்த மூன்று மடங்கும் அவள் பெயரில் வங்கிக்கு வரும், வந்த அன்றே போய்விடும். ஏனென்றால் அவளுடைய ஏடிஎம் கார்டும் அதன் ரகசிய எண்ணும் கல்லூரி மேலாளர் ராமதாஸின் மேசை டிராயரில் இருந்தன. பணத்தை எடுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் அவள் கையில் எண்ணிக் கொடுப்பார். எல்லா ஆசிரியர்களுடைய கார்டும் அங்கேதான் இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருந்தார், சீட்டுக்கட்டு மாதிரி.

இந்தக் காகிதச் சம்பளம் சும்மாவும் இருக்கவில்லை. எழிலரசியின் அம்மா ரங்கம்மாள் அரிசி ஆலையில் கூலிக்குப் போகிறவள். பெண்களுக்கு அரசாங்கம் தரும் மாதத் தொகைக்கு அவள் மனுப் போட்டபோது, மகள் இவ்வளவு சம்பாதிக்கிறாள், வரியும் கட்டுகிறாள் என்று தள்ளிவிட்டார்கள். "இவ்ளோ சம்பளத்தையும் எங்கடி வச்சிருக்க?" என்று அம்மா பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டாள். வராத சம்பளம், அதற்கு வரி, அந்த வரியால் அம்மாவுக்கும் நாமம். அன்று எழிலரசி சாப்பிடவில்லை.

அப்புறம் ஏன் அங்கேயே இருந்தாள் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து முனைவர் பட்டம்வரை அவளுடைய ஒரிஜினல்கள் அத்தனையும் தாளாளர் அறையில் பச்சை பீரோவுக்குள் இருந்தன. வேலையில் சேரும்போது சரிபார்க்க வேண்டும் என்று வாங்கியவர்கள் திருப்பித் தரவே இல்லை. இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் இது புதுசும் இல்லை, ரகசியமும் இல்லை.

பங்குனிக் கடைசியில் அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் இயற்பியல் பாடத்தில் அவள் பெயர் வந்திருக்கிறது, சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வர வேண்டும், ஒரிஜினல் இல்லாதவர்கள் வர வேண்டியதில்லை. வருடக்கணக்காக நடக்காத தேர்வு. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் வயது வரம்பு தாண்டினாலும் தாண்டிவிடும். அவளோடு அதே துறையில் வேலை பார்க்கும் சரண்யாவுக்கும் அதே செய்தி வந்திருந்தது. சரண்யா எம்.எஸ்சி.தான், ஆனால் மதிப்பெண்ணில் எழிலரசிக்கு ஒரு படி மேல். இருவரும் ஆய்வுக்கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். குதித்து முடித்ததும் பீரோ ஞாபகத்துக்கு வந்தது.

தாளாளர் சிவப்பிரகாசத்துக்குப் பட்டு வியாபாரம்தான் முதல் தொழில், கல்லூரி அப்புறம் வந்தது. எழிலரசி அவரைக் கடையில் போய்ப் பார்த்தாள். அவர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சந்தோசம்மா. போகலாம். ஒரு வருச சம்பளத்தைக் கட்டிட்டு எடுத்துனு போ. சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கே இல்ல?"

"ஒரு நாளைக்குத்தாங்க. காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"இங்க பாரும்மா. தறிக்காரனுக்கு நான் பாவு நூல் குடுக்கறேன், பட்டு குடுக்கறேன், முன்பணமும் குடுக்கறேன். பாதிச் சேலையில எழுந்து வேற எடத்துக்குப் போறேன்னு சொன்னான்னா விடுவேனா? கணக்கை முடிச்சிட்டுத்தானே போவணும்?"

"எனக்கு நீங்க முன்பணம் எதுவும் தரலைங்களே."

சிவப்பிரகாசம் சிரித்தார். "வேலை குடுத்தேனே. அது போதாதா? பிசிக்ஸ் படிச்ச பொண்ணுக்கு வெளியே எவன் வேலை குடுக்கறான், சொல்லு. கம்ப்யூட்டர் படிச்சவளா இருந்தா நானே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி வைப்பேன்."

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். நெசவாளியாவது வாங்கிய பணத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறான். எதையும் வாங்காதவளை எந்தக் கணக்கில் கட்டிப்போடுகிறார் இவர்? பேருந்து நிலையம்வரை இதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தாள், எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சரிபார்ப்புக்கு முந்தின நாள்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் கருத்தரங்க அறையில் ஒத்திகை. ராமதாஸ் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் வரிசையில் எழிலரசிக்குத் தெரியாத முகங்கள் இருந்தன. அவர்களும் இந்தக் கல்லூரியின் பேராசிரியர்கள்தான், ஒரு நாளைக்கு மட்டும். அதில் ஒருவர் செய்யாற்றில் பைக் ஷோரூம் நடத்துகிறார். தான் எந்தத் துறை என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"குழு கேக்கற கேள்வி இதான்," என்றார் ராமதாஸ். "சம்பளம் ஒழுங்கா வருதா? பதில்?"

"வருது சார்," என்றார்கள் எல்லோரும்.

"ஒரிஜினல் சர்ட்டிபிகேட் யார்கிட்ட இருக்குது?"

"என்கிட்டதான் சார் இருக்குது!"

"சத்தமா."

"என்கிட்டதான் சார் இருக்குது!"

முனைவர்களும் முதுகலைகளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டார்கள். எழிலரசிக்குக் கண்ணில் நீர் முட்டியது, அவமானத்தால். மூன்றாவது முறை கத்தச் சொன்னபோது அவள் கத்தவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். குழு வரும் நாளில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் பீரோவைத் திறந்து கொடுப்பார்கள், குழு பார்த்து முடித்ததும் அறைக்குள்ளேயே வாங்கிக்கொள்வார்கள். வருடத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுடைய படிப்பு அவள் கையில் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம், அதுவும் குழுவின் முன்னால், அது அவளுடையது என்று சிவப்பிரகாசமே சொல்லியாக வேண்டும்.

அவள் சரண்யாவின் காதில் சொன்னாள். சரண்யாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, வேணாம்க்கா. பேஜாராயிடும்."

"அவங்க முன்னாடி பிடுங்க முடியாதுடி. பிடுங்கினா அவரு காலேஜே போச்சு. நீ என் பின்னாடியே நில்லு. நான் செய்யறதைச் செய்."

குழு வந்தது. மூன்று பேர். வாசலில் பூரண கும்பம், உள்ளே இளநீர், போகும்போது ஆளுக்கொரு பட்டுச் சேலைப் பெட்டி தயாராக இருந்தது. ஆசிரியர்கள் வரிசையாகத் தாளாளர் அறைக்குள் போனார்கள். ஷோரூம்காரர் தான் இயந்திரவியல் துறை என்று தடுமாறாமல் சொல்லிவிட்டு வந்தார்.

எழிலரசியின் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவர், அவர் பக்கத்தில் சிவப்பிரகாசம், கதவோரம் ஃபைல்களை வாங்கிக்கொள்ள ராமதாஸ். தலைவர் முனைவர் பட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பிசிக்ஸா? நல்லது. சேலரி ஒழுங்கா வருதாம்மா?"

"பேங்குக்கு வருது சார்," என்றாள். அதில் பொய் இல்லை.

"ஒரிஜினல்ஸ் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? மேனேஜ்மென்ட் வாங்கி வச்சுக்கறது இல்லையே?"

"என்கிட்டதான் சார் இருக்குது."

சொல்லிவிட்டு ஃபைலை மூடினாள். தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவு அமைதியான அறையில் அந்த ஜிப் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ராமதாஸ் பதறிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "மேடம், ஃபைலை இங்க குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு சார்?" அவள் அவரிடம் கேட்கவில்லை, தாளாளரைப் பார்த்துக் கேட்டாள். "என்கிட்டதானே இருக்கணும்? ஐயா இப்பதான் கேட்டாங்க."

தலைவர் இளநீர்க் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். சிவப்பிரகாசத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் சேலை வியாபாரம் முப்பது வருடம் செய்தவர், வாய் மட்டும் சிரித்தது.

"இருக்கட்டும் ராமதாஸ். அவங்களோடதுதானே."

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எழிலரசி கதவருகே திரும்பி நின்று சரண்யாவைப் பார்த்தாள். சரண்யா மேசைமுன் நின்று அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொன்னாள். ஃபைலை மூடினாள். பையின் வாய்வரை கொண்டுபோனாள். சிவப்பிரகாசம் "மாமனார் சௌக்கியமாம்மா?" என்று மட்டும் அன்பாக விசாரித்தார். சரண்யாவின் மாமனார் அய்யாக்கண்ணுவின் இரண்டு தறியும் சிவப்பிரகாசம் கொடுக்கும் பாவில் ஓடுகின்றன. சரண்யா ஃபைலை ராமதாஸின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள்.

"ஏன்டி?" என்றாள் எழிலரசி. கத்த வேண்டும்போல இருந்தது. அறையலாம் என்றுகூட இருந்தது.

"எனக்குப் பின்னாடி ரெண்டு தறி இருக்குதுக்கா," என்று சொல்லிவிட்டுச் சரண்யா வகுப்புக்குப் போய்விட்டாள்.

எழிலரசி கேட்டைத் தாண்டிப் பேருந்தைப் பிடிப்பதற்குள் ராமதாஸின் அழைப்பு வந்துவிட்டது. "மரியாதையா ஜல்தி திரும்பி வா. இல்லன்னா போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுப்பேன்."

"குடுங்க சார். நான் எதைத் திருடினேன்னு எழுதுவீங்க? என் பட்டத்தையா? அப்படியே என் ஏடிஎம் கார்டு உங்க டிராயர்ல எப்படி வந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க. அதை நான் பேங்க்ல சொல்லி பிளாக் பண்ணிட்டேன்."

உடனே இணைப்பு அறுந்தது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "இன்னாம்மா சண்டை?" என்று விசாரித்தாள். "சம்பளத்துக்கும்மா," என்றாள் எழிலரசி. அந்த அம்மாவுக்கு அது உடனே புரிந்தது, மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் சென்னையில் அந்தக் கூடம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். இயற்பியலுக்கு ஒதுக்கிய பகுதியில் பாதிக்குமேல் காலியாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தர வரிசைப்படி பெயர்களை அழைத்தார். ஒரு பெயர், பதில் இல்லை. அடுத்த பெயர், ஒருவர் எழுந்து போனார். அதற்கடுத்து இரண்டு பெயர், பதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பேனா ஓடியது.

"இன்னாது இது, பிசிக்ஸ்ல மட்டும் இவ்ளோ ஆப்சென்ட்?" என்று அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "எல்லாத்துக்கும் வெளியே நல்ல வேலை கெடைச்சிருக்கும்போல. கவர்மென்ட் வேலையெல்லாம் இப்ப எவன் மதிக்கிறான்."

எழிலரசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து அழைத்த பெயர் சரண்யாவுடையது.

அதிகாரி இரண்டாம் முறை அழைத்தார். பேனா கீழே இறங்கும்போது எழிலரசி எழுந்துவிட்டாள்.

"சார், எழுதாதீங்க. அவளுக்கு வேலை எதுவும் கெடைக்கல. அவ சர்ட்டிபிகேட் ஆரணியில ஒரு பீரோவுல பூட்டிக் கெடக்குது. வராதவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். நான் நேத்துத்தான் என்னோடதை வாங்கிகினு ஓடியாந்தேன்."

கூடம் திரும்பிப் பார்த்தது. பின்னால் இருந்து ஒரு ஆள், "நான் எங்கப்பா செத்துட்டாருன்னு பொய் சொல்லி வாங்கினேன் சார். அவரு உயிரோட இருக்காரு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, வேலை முடிய வேண்டும் என்று நினைப்பவர். "நீங்க யாரும்மா? எழிலரசியா? அடுத்து நீங்கதான். இதோ பாருங்க, ஆள் வரலன்னா ஆப்சென்ட்தான், நான் ஒண்ணும் செய்ய முடியாது. யோசிச்சா உங்களுக்கு நல்லதுதான். ஒரு எடம் மேல வந்துட்டீங்க."

அந்த நல்லதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைவிட நன்றாக எழுதினவளைப் பீரோவில் பூட்டிவிட்டு, அந்த இடத்தைத் தனக்குத் தருகிறார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டுமாம்.

"புகாரா எழுதிக் குடுத்தா?"

"குடுக்கலாம். மேலே அனுப்புவோம். ஆனா உங்க பேரும் அதுல வரும், அந்தக் காலேஜ் உங்க அனுபவச் சான்றிதழைத் தராது, உங்க ஃபைலும் நின்னுடும். அந்தப் பொண்ணுக்கும் பிரச்சினை வரும். யோசிச்சுச் செய்யுங்க."

எழிலரசி வராந்தாவுக்குப் போய்ச் சரண்யாவை அழைத்தாள். பின்னணியில் மாணவர்களின் இரைச்சல் கேட்டது. எழிலரசியின் வகுப்பையும் சேர்த்து அவளைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"உன் பேரை ஆப்சென்ட்னு எழுதறாங்கடி. நான் புகார் எழுதட்டுமா? எழுதினா உன் மாமனார் தறி..."

சரண்யா வகுப்பை விட்டு வெளியே வந்திருப்பாள், இரைச்சல் குறைந்தது.

"ராத்திரி மாமாகிட்ட சொன்னேன்க்கா. தறிக்காகத்தான் குடுத்துட்டு வந்தேன்னு சொன்னேன். சந்தோசப்படுவாருன்னு நெனைச்சேன். சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு. 'என் தறிக்கு இந்த ஊர்ல வேற எவன்னா பாவு குடுப்பான். உன் படிப்பை வேற எவன்மா குடுப்பான்?'னு கேட்டாரு." அவள் குரல் உடைந்தது. "எழுதுக்கா. என் பேரைப் போட்டே எழுது."

எழிலரசி உள்ளே வந்தாள். அதிகாரியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். தன் ஃபைலை நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையின் ஓரத்திலேயே நின்றபடி எழுத ஆரம்பித்தாள். வரிசையில் இருந்த ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார், அப்பா செத்ததாகச் சொன்ன ஆள் தனக்கும் ஒரு தாள் கேட்டார். கல்லூரியின் பெயர், தாளாளரின் பெயர், மேலாளரின் டிராயர் எல்லாவற்றையும் எழிலரசி எழுதினாள். பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதி, முதலில் சரண்யாவின் பெயரையும், அதற்குக் கீழே தன் பெயரையும் தர வரிசைப்படியே போட்டாள்.